போட்டோ எடிட்டிங்: இலவச மென்பொருளா, காசு கட்டுவதா? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கம் பதினைந்து வருடமாகக் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுத்து வருகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. வாகரையில் இருந்து திருக்கோவில் வரைக்கும் யார் வந்தாலும் கேட்பது ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

இலவசம் என்றால் எந்த இலவசம்?

இதில் இருந்துதான் தொடங்க வேண்டும். கணினி வாங்கும் கடையில் "போட்டோஷொப்பும் ஃப்ரீயாப் போட்டுத் தாறன்" என்பார்கள். அது இலவசம் இல்லை, பூட்டு உடைத்த பிரதி. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

உண்மையான இலவசத்திலும் வகை இருக்கிறது. கிம்ப், டார்க்டேபிள், ரோதெரபி, கிரிட்டா, டிஜிகாம் இவை எல்லாம் படம் திருத்தவும் வரையவும் அடுக்கி வைக்கவும் உதவும் திறந்த மூல மென்பொருட்கள், அதாவது நிரலை எல்லாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விட்டவை. நீங்கள் காசு வாங்கிக்கொண்டு கலியாண வீட்டுக்கு வேலை செய்தாலும், பத்துக் கணினியில் போட்டாலும், ஒருவரும் வந்து கேட்க மாட்டார்கள். நாளைக்கு யாரும் பூட்டவும் முடியாது. போனில் படம் திருத்தும் ஸ்னாப்சீட் கூகிள் நிறுவனத்துடையது, அவர்கள் இலவசமாக விட்டிருக்கிறார்கள். அஃபினிட்டி என்ற படத் திருத்த மென்பொருளை முன்பு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதைச் செய்த நிறுவனத்தை 2024 இல் கன்வா வாங்கியது. 2025 ஒக்டோபர் கடைசியில் இலவசமாக்கிவிட்டார்கள். கன்வா கணக்கு ஒன்று திறந்தால் போதும், ஏஐ கருவிகளுக்கு மட்டும் காசு. நல்ல மென்பொருள்தான். ஆனால் கொடுத்த நிறுவனம் மனம் மாறினால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாவியுங்கள்.

இன்னொரு வகை, பாதிக் கதவு திறந்த இலவசம். போட்டோஷொப்பைச் செய்த அடொபியின் லைட்ரூம் போனில் வருவது அப்படித்தான். சாதாரண வேலை சும்மா செய்யலாம். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பைத் திருத்த, முகத்தை மட்டும் தெரிவு செய்து வெளிச்சம் கூட்ட என்று போனால் காசு கேட்கும்.

எல்லாரும் கிராக் போட்டுத்தானே வேலை செய்கிறார்கள்? எனக்கு மட்டும் என்ன பிழை வரப்போகிறது?

2019 இல் எனக்கு வந்தது. அப்போது நானும் கிராக்தான் பாவித்தேன். புதுப் பதிப்பு போடுவதற்காகக் கடை ஒன்றில் கணினியைக் கொடுத்தேன். "அன்டிவைரஸை நிப்பாட்டினால்தான் இது ஏறும்" என்று அந்தத் தம்பி சொன்னார். சரி என்றேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை கணினியைத் திறந்தால் எல்லாப் படத்தின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஒன்றும் திறபடவில்லை. ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. டொலரில் காசு அனுப்பினால் திறப்புத் தருவோம் என்று அதில் இருந்தது.

அந்த ஹார்ட் டிஸ்கில் கொக்கட்டிச்சோலையில் எடுத்த ஒரு சாமத்திய வீடு இருந்தது. மெமரி கார்டை அடுத்த வேலைக்காக ஏற்கெனவே அழித்துவிட்டேன். வாங்கிய காசை அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்த அம்மம்மா அடுத்த வருடம் காலமாகிவிட்டார். அவர் அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டி, பேத்திக்கு முன்னால் தட்டோடு நின்ற படம் என்னிடம்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தத் தாயை வழியில் கண்டால் எனக்கு மனம் பாரமாகிவிடும்.

இது தற்செயலாக நடந்த ஒன்றல்ல. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த வகைக் கிருமிகளில் மிகவும் பரவியதான ஸ்டொப் டிஜேவியூ, கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் பெரும்பாலும் வந்தது. காவலை நிப்பாட்டிவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் செய்த நிரலுக்கு முழு அதிகாரமும் கொடுக்கிறோம். சட்டப்படியும் பிழை. கணினி நிரலுக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டத்தைக் கூட ஒரு பக்கம் வையுங்கள். மற்றவர்களின் ஒருநாளும் திரும்பி வராத நாட்கள் உங்கள் கணினிக்குள் கிடக்கின்றன. அதற்காகவாவது அதைப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

காசே கட்டாமல் ஒரு கலியாண அல்பத்தை முழுதாக முடிக்க முடியுமா?

முடியும். நான் முடித்திருக்கிறேன்.

படங்களை இறக்கியவுடன் டிஜிகாமில் போட்டுத் தெரிவு செய்வேன். ஆயிரத்து ஐந்நூறு படத்தில் முந்நூறு தேறும். அந்த முந்நூறையும் டார்க்டேபிளில் திறந்து, ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பேன். மணவறையில் எடுத்ததில் ஒரு படத்தை மட்டும் நிதானமாகத் திருத்துவேன். பிறகு அந்தத் திருத்தத்தைப் பிரதி எடுத்து மற்ற அறுபது படத்துக்கும் ஒரே சொடுக்கில் ஒட்டிவிடலாம். அசல் படத்தை டார்க்டேபிள் தொடுவதே இல்லை. என்ன செய்தோம் என்பதை மட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். முகப் பரு, பின்னால் தொங்கும் வயர், மணவறைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் கதிரை போன்றவற்றைக் கிம்பில் எடுப்பேன். அல்பப் பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ் அல்லது அஃபினிட்டி.

நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. டார்க்டேபிள் கைக்கு வர எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. லைட்ரூமை ஒரு கிழமையில் பழகிவிடலாம்.

போட்டோஷொப்பும் லைட்ரூமும் எவ்வளவு? ஒரே தடவையில் வாங்கிவிட முடியாதா?

முடியாது. 2012 இல் வந்த சிஎஸ்6 தான் ஒரே தடவைக் காசில் வாங்கக்கூடியதாக இருந்த கடைசிப் போட்டோஷொப். 2013 இல் இருந்து அடொபி சந்தா முறைக்கு மாறிவிட்டது. போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்ந்த படப்பிடிப்பாளர் திட்டத்தில் மலிவான 20 ஜிபி திட்டம் 2025 தொடக்கத்தில் இருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு இல்லை. இருப்பது 1 டிபி திட்டம், மாதம் 20 டொலர் அளவில். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000 ரூபா. வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய வங்கி அட்டையும் வேண்டும்.

சேர முன்பு ஒன்றைக் கவனியுங்கள். மாதாமாதம் கட்டுகிறோம் என்று நினைத்துப் பலர் எடுப்பது உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். முதல் 14 நாளுக்குப் பிறகு இடையில் நிறுத்தினால் மிச்ச மாதங்களின் காசில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைக் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே போட்டது. ஆகவே கட்டும் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தை வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

சந்தாவை நிறுத்தினால் என் படங்கள் என்ன ஆகும்?

படங்கள் உங்களுடையவை, உங்கள் ஹார்ட் டிஸ்கில் அப்படியே கிடக்கும். கணினியிலேயே படத்தை வைத்துத் திருத்தும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், ஏற்கெனவே செய்த திருத்தத்தோடு வெளியே எடுக்கவும் விடும். டெவலப் பகுதி மட்டும் பூட்டிக்கொள்ளும், புதிதாகத் திருத்த முடியாது. போட்டோஷொப்பின் பிஎஸ்டி கோப்புகளைப் பிரவுசரில் ஓடும் போட்டோபீ, அஃபினிட்டி, கிம்ப் மூன்றிலும் திறக்கலாம். ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய லேயர் எல்லாம் அச்சொட்டாக வரும் என்று நம்ப வேண்டாம். நிறுத்துவதற்கு முன்பே முக்கியமான வேலைகளை டிஃப் அல்லது முழுத் தரமான ஜேபெக்காக எடுத்து வைத்துவிடுங்கள்.

ரோவில் எடுக்கச் சொல்கிறார்கள். அதைத் திறக்கக் காசு மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். உங்கள் கமராவைச் செய்த நிறுவனமே அதற்கு இலவச மென்பொருள் தருகிறது, எங்கள் பொடியன்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கெனன் என்றால் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிக்கோன் என்றால் என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனி என்றால் இமேஜிங் எட்ஜ். கமராவின் திரையில் பார்த்த அதே நிறம் இவற்றில் வரும். அதற்கு மேலே போக வேண்டும் என்றால் டார்க்டேபிளும் ரோதெரபியும் இருக்கின்றன.

ரோ ஏன் என்று கேட்டால், ஒரு மத்தியானம் கல்லடிக் கடற்கரையில் வெள்ளை உடுப்பில் ஒரு கிறிஸ்தவ மணமகளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரோவில் 16,384 படிகள். ஜேபெக்கில் அந்தச் சட்டை வெறும் வெள்ளைக் கடதாசி போல வந்துவிட்டால் அதற்குள் ஒன்றும் மிச்சம் இருக்காது. ரோவில் வெளிச்சத்தைக் குறைத்தால் நெஞ்சிலே தைத்த லேஸ் பூ ஒவ்வொன்றாக வெளியே வரும். முழுதாக எரிந்த இடம் ரோவிலும் திரும்பாது, அதையும் சொல்ல வேண்டும்.

கிம்ப் உண்மையிலேயே போட்டோஷொப் அளவுக்கு நல்லதா?

1995 இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது கிம்ப். போட்டோஷொப் 1990 இல் நோல் சகோதரர்கள் இருவரால் வந்தது. வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, பின்னால் நின்ற காசில்தான் வித்தியாசம்.

லேயர், படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் மாஸ்க், ஒரு இடத்தைப் பிரதி எடுத்து இன்னொரு இடத்தை மூடும் குளோனும் ஹீலும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கேர்வ்ஸ், நிறத் திருத்தம் எல்லாம் கிம்பில் இருக்கின்றன. நீண்ட காலம் இருந்த பெரிய குறை, ஒரு ஃபில்டரைப் போட்டால் அது படத்தோடு ஒட்டிவிடும், பிறகு மாற்ற முடியாது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் அதைத் தீர்த்துவிட்டார்கள். இப்போது போட்ட ஃபில்டரைத் திரும்பத் திறந்து கூட்டலாம், குறைக்கலாம். ரோவைக் கிம்ப் தானாகத் திறக்காது, டார்க்டேபிளையோ ரோதெரபியையோ கூப்பிட்டுக் கொடுத்துவிடும். முடியை வெட்டி எடுப்பது, ஒரு ஆளைத் தானாகத் தெரிவு செய்வது போன்றவற்றில் போட்டோஷொப் மிகவும் முன்னால் நிற்கிறது. அதில் இரண்டு விநாடியில் முடிவது கிம்பில் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் மாஸ்க் என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. அதனால்தான் என்னிடம் படிக்க வருபவர்களைக் கிம்பில் தொடங்க வைக்கிறேன்.

போஸ்டரில் தமிழ் எழுதினால் எழுத்து உடைகிறது. என்ன செய்வது?

இது இங்கே எல்லாரும் படும் பாடு. கண்ணீர் அஞ்சலி பனர் ஒன்றில் "கோ" என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றதை நான் கண்ணால் கண்டேன். இறந்தவருடைய பெயரின் முதல் எழுத்து அது. வீட்டுக்கு முன்னால் எட்டு நாள் அப்படியே தொங்கியது. துக்க வீட்டில் யார் அதைச் சொல்வது?

காரணம் இதுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் தமிழில் "கோ" என்பது க என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் வரும் ஓகாரக் குறியும். அந்தக் குறியின் ஒரு பாதியை எழுத்துக்கு முன்னாலும் மறு பாதியைப் பின்னாலும் கொண்டுபோய்ப் போடுவது மென்பொருளின் வேலை. போட்டோஷொப்பின் பல பதிப்புகளில் அந்த வேலையைச் செய்யும் பகுதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பிரெபரன்சஸுக்குள் டைப் என்ற இடத்துக்குப் போங்கள். பழைய பதிப்பில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன், அதற்குப் பிந்திய பதிப்புகளில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்று இருக்கும். அதைத் தெரிவு செய்து, போட்டோஷொப்பை மூடித் திறந்து, புதிய பக்கத்தில் தட்டுங்கள். முன்பே தட்டிய எழுத்து திருந்தாவிட்டால் பராகிராஃப் பலகையின் மெனுவிலும் அதையே தெரிவு செய்ய வேண்டும். காசு கட்டி வாங்கியவர்களில் கூடப் பலர் இது தெரியாமல் வருடக்கணக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவிலேயே காலம் தள்ளுகிறார்கள்.

கிம்பில் இந்தக் கரைச்சல் கிடையாது. நிறுவியவுடன் தமிழ் ஒழுங்காக வரும். இன்க்ஸ்கேப்பிலும் அப்படித்தான். இந்த ஒரு விடயத்தில் இலவசம் காசை வென்று நிற்கிறது என்று தயங்காமல் சொல்வேன். அஃபினிட்டி நீண்ட காலம் தமிழைச் சரியாகக் கோர்க்காமல் இருந்தது. ஆகவே அதில் வேலை தொடங்க முன்பு "கொ", "கௌ", "டு", "ணு" நான்கையும் தட்டிப் பாருங்கள்.

பாமினியை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அது தமிழ் மாதிரித் தெரியும் ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்ற சொல் ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். தேடவும் முடியாது, போனில் பிரதி எடுத்து அனுப்பவும் முடியாது. நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, தலைப்புக்குப் பலூ தம்பி, கையெழுத்துப் போல வேண்டும் என்றால் கவிவனர். தொழிலுக்கும் பாவிக்கலாம்.

அச்சகத்தில் சிஎம்வைகே கேட்கிறார்கள். இலவச மென்பொருளில் முடியுமா?

சிஎம்வைகே என்பது அச்சில் பாவிக்கும் நான்கு மை நிறங்களின் கணக்கு, ஆர்ஜிபி என்பது திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு. எஸ்ஆர்ஜிபி அதில் ஒரு வகை. முதலில் எங்கே அச்சடிக்கிறீர்கள் என்று பாருங்கள். போட்டோ லேபுக்குப் போகும் படம் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக இருந்தால் சரி. ஃப்ளெக்ஸ் பனர் கடைகளிலும் பெரும்பாலும் ஆர்ஜிபியை வாங்கி அவர்களுடைய இயந்திரமே மாற்றிக்கொள்ளும். ஓஃப்செட் அச்சகத்துக்குப் போகும் நினைவு மலர், கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை இவற்றுக்குத்தான் சிஎம்வைகே தேவை. கிரிட்டா நேரடியாகச் சிஎம்வைகேயில் வேலை செய்யும். ஸ்க்ரைபஸ் சிஎம்வைகே பிடிஎஃப் தரும். கிம்ப் ஆர்ஜிபியில்தான் வேலை செய்யும், ஆனால் 3.0 இல் சிஎம்வைகேயாக வெளியே எடுக்கும் வசதி வந்திருக்கிறது. அச்சகத்தில் இருந்து அவர்களுடைய நிறப் புரொஃபைலைக் கேட்டு வாங்கினால் எப்படி வரும் என்று முன்பே திரையில் பார்க்கலாம். பாசிக்குடாக் கடலின் அந்த நீலப்பச்சை அச்சில் மங்கித்தான் வரும். எத்தனை ஆயிரம் கட்டி வாங்கிய மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது, மையின் எல்லை அது.

பிறிண்ட் போட எத்தனை பிக்சல் வேண்டும்?

அங்குலத்துக்கு 300 என்று கணக்குப் போடுங்கள். 4×6 அங்குலத்துக்கு 1200×1800, 8×12 க்கு 2400×3600, 12×18 க்கு 3600×5400. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய 19 மெகாபிக்சல், ஆகவே 24 மெகாபிக்சல் கமராவுக்கு அது பிரச்சினை இல்லை. பனர் தூரத்தில் இருந்து பார்ப்பது, அதற்கு 100 கூடப் போதும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்னாப்சீட் போடுங்கள். விளம்பரம் இல்லை, ஒருமுறை இறக்கினால் டேட்டா இல்லாமலும் வேலை செய்யும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் உச்சி வெயிலுக்குள் எடுத்த படம் என்றால் தண்ணீர் பளீரென்று இருக்கும், முகங்கள் கறுத்துப் போயிருக்கும். ஹைலைட்டைக் குறைத்துவிட்டு, செலெக்டிவ் என்பதை எடுத்து முகத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் அந்த வட்டத்தை முகத்தின் அளவுக்குச் சுருக்கி, வலப்பக்கமாகத் தடவி வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அவ்வளவுதான், ஆளைக் காணலாம்.

திருத்திய படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்யுமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பிறகு லேபில் பிறிண்ட் போட்டுவிட்டு லேப்காரரைக் குறை சொல்லக் கூடாது.

கணினி பழையது, 4 ஜிபி ரேம்தான். டேட்டாவும் சிக்கனமாகத்தான் பாவிக்க வேண்டும்.

புதிய போட்டோஷொப்புக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், 16 இருந்தால்தான் நிம்மதி. டார்க்டேபிளும் 4 ஜிபியில் மூச்சு வாங்கும். உங்களுக்குப் போட்டோபீ பொருந்தும். பிரவுசருக்குள்ளேயே போட்டோஷொப் போல ஒன்று திறக்கும், பிஎஸ்டி கோப்பையும் எடுக்கும், ஓரத்தில் விளம்பரம் வரும். ஒருமுறை திறந்துவிட்டால் வேலை உங்கள் கணினியில்தான் நடக்கும், படத்தை எங்கேயும் ஏற்றுவதில்லை. அதனால் டேட்டாவும் அவ்வளவு போகாது, வாடிக்கையாளரின் படமும் வெளியே போகாது.

லைட்ரூம் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு சொல். லைட்ரூம் என்ற பெயரில் இரண்டு மென்பொருட்கள் இருக்கின்றன. வெறும் லைட்ரூமுக்குள் நீங்கள் சேர்க்கும் படங்களின் அசலை அது இணையத்துக்கு ஏற்றும். ஒரு ரோ 25 எம்பி என்று வைத்தால் ஒரு கலியாண வீட்டின் 1,500 படம் 37 ஜிபிக்கு மேல் வரும். மாத டேட்டா ஒரே இரவில் முடிந்துவிடும். கிளாசிக் என்று இருப்பதை இறக்குங்கள், படம் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும்.

பாஸ்போர்ட் படத்தை நானே எடுத்துத் திருத்தலாமா?

இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். படம் அங்கிருந்தே திணைக்களத்துக்குப் போகும், உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். மற்ற விண்ணப்பங்களுக்கு 35×45 மில்லிமீற்றர் கேட்டால் கிம்பிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் காசு கட்டவே தேவையில்லையா?

அப்படிச் சொல்லமாட்டேன். காசு மென்பொருள் தெளிவாக வெல்லும் இடங்கள் இருக்கின்றன.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திக்குப் போயிருப்பீர்கள். விடிய முன்பு, பந்த வெளிச்சமும் ஒன்றிரண்டு பல்பும், கமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வரை கூட்டி எடுக்க வேண்டி வரும். படம் முழுக்க மண் தூவியது போலப் புள்ளி. டார்க்டேபிளில் அதை நீக்கலாம், ஆனால் பெண்களின் சேலைக் கரையும் சேர்ந்து மெழுகிவிடும். 2023 இல் லைட்ரூமில் வந்த ஏஐ டினொய்ஸ், டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் இரண்டும் புள்ளியை எடுத்துக் கரையை விட்டுவைக்கின்றன. இந்த வேலைக்கு இலவசத்தில் அதற்கு நிகரானதை நான் இன்னும் காணவில்லை. டிஎக்ஸ்ஓ போட்டோலேபை ஒரே தடவைக் காசில் வாங்கலாம் என்பதும் நல்ல விடயம்.

அடுத்தது நேரம். மாதம் நான்கைந்து கலியாண வீடு செய்கிறவருக்கு லைட்ரூம் ஒவ்வொரு வேலையிலும் அரை நாள் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். 6,000 ரூபா அவருக்குப் பெரிதல்ல. மாதம் ஒன்று செய்கிறவர் அந்தக் காசைச் சேர்த்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கட்டும். இன்னொன்று, கொழும்பு நிறுவனங்களுக்கோ வெளிநாட்டுக்கோ வேலை செய்து பிஎஸ்டி கோப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் போட்டோஷொப்பே வேண்டும். அதில் விவாதம் இல்லை.

வேலை தேடும்போது கிம்ப் தெரியும் என்றால் எடுப்பார்களா?

விளம்பரத்தில் போட்டோஷொப் என்றுதான் போடுவார்கள். கிம்பில் லேயரும் மாஸ்க்கும் கேர்வ்ஸும் விளங்கிக்கொண்ட பிள்ளைக்குப் போட்டோஷொப்புக்கு மாற ஒரு கிழமை போதும். நேர்முகப் பரீட்சைக்கு முன்பு 7 நாள் இலவசப் பரீட்சார்த்தப் பிரதி ஒன்றை எடுத்துக் கைக்குப் பழக்குங்கள். ஏழு நாள் முடிவதற்குள் நிறுத்த மறக்க வேண்டாம்.

சுனாமியில் நனைந்த அம்மாவின் படம் ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தக் காசு மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். இது எனக்கு மிக நெருக்கமான வேலை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல்லடி, நாவலடிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு மிஞ்சியது ஒன்றோ இரண்டோ படம்தான்.

நாவலடியில் இருந்து ஒரு அக்கா பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீர் பட்டு, இடது கன்னத்தில் இருந்து தோள் வரைக்கும் தேநீர் நிறத்தில் கறை. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஒட்டிய படத்தை இழுத்துப் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏன் என்றால், கலர் ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சனலாக, அதாவது மூன்று தனி நிறப் பதிவாக இருக்கும். மஞ்சளும் மண்ணிறமும் கலந்த கறை நீலச் சனலில் மிக இருட்டாக விழும், சிவப்புச் சனலில் அநேகமாகத் தெரியாது. கிம்பில் கலர்ஸ், கொம்போனன்ட்ஸ், டீகொம்போஸ் என்று போய் மூன்று சனலையும் பிரித்துச் சிவப்பை மட்டும் எடுத்தேன். கன்னத்துக் கறையில் முக்கால்வாசி அந்த ஒரு சொடுக்கில் போய்விட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா "அம்மாட தோடு!" என்று சத்தம் போட்டுவிட்டார். கறைக்குக் கீழே ஒரு சின்னக் கல்லுத் தோடு இருந்திருக்கிறது.

மிச்சக் கீறல்களுக்கு ஹீல் கருவி. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்தில் நல்ல தோல் இருக்கும் இடத்தில் ஒரு சொடுக்கு, பிறகு கீறலின் மேல் சின்னச் சின்னப் புள்ளியாக வையுங்கள். தூரிகை கீறலை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். தாடை ஓரம், முடியின் எல்லை போன்ற இடங்களில் ஹீல் மெழுகிவிடும், அங்கே குளோன். எப்போதும் அசல் லேயரைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் செய்யுங்கள். எனக்கு அந்தப் படத்துக்கு ஐந்து மணித்தியாலம் போனது.

ஏஐ முகத் திருத்தத்தை இந்த வேலைக்குப் பாவிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இலவசமோ காசோ, எல்லாம் ஒன்றுதான். தெரியாத இடத்தை அது வேறு ஆயிரம் முகங்களில் பார்த்ததை வைத்து நிரப்புகிறது. கண் பளிச்சென்று வரும், தோல் வழுவழுப்பாக வரும், ஆனால் அது அம்மா இல்லை. அக்காவின் அம்மாவுக்கு ஒரு கண் மற்றதை விடக் கொஞ்சம் சிறியது. அதை நான் தொடவில்லை. தோள் பக்கம் மீட்க முடியாமல் இருந்த ஒரு துண்டையும் மங்கலாகவே விட்டேன்.

5×7 இல் இரண்டு பிரதி போட்டேன், ஒன்று அவருக்கு, ஒன்று லண்டனில் இருக்கும் தம்பிக்கு. திருத்தாத ஸ்கேனையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியோடு ஒட்டிய அசல் திரும்பவும் அதே பைக்குள் போனது.